போர்க்கப்பலில் ஒரு சமையற்காரன்: நதேசிக்கோ பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

'மார்ஷியன் சக்செஸர் நதேசிக்கோ' என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைச் சென்ற இதழில் சில வரிகளில் பரிந்துரைத்திருந்தேன். அதன் பின்னர் கொழும்பின் பல பகுதிகளிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. ராட்சத ரொபோக்கள் சண்டையிடும் 'மெக்கா' வகையைச் சேர்ந்த, விண்வெளியில் நடக்கும், அதே வேளையில் வாய்விட்டுச் சிரிக்கவும் வைக்கும் தொடர் இது. கதையின் முக்கிய திருப்பங்களைத் தொடாமல் இக்கேள்விகளுக்குப் பதில் எழுத இயலாது. எதையும் முன்கூட்டி அறியாமல் பார்க்க விரும்புவோர் முதற் பதிலோடு நிறுத்திக்கொண்டு, தொடரைப் பார்த்து முடித்தபின் மீதியைப் படிக்கலாம்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து வீட்டிலிருக்கும் என் மகன் இதைப் பார்த்து விடாமல் சிரிக்கிறான். நான் எட்டிப்பார்த்தபோது ஒரு காட்சியில் ரொபோக்கள் சண்டையிட்டன, அடுத்த காட்சியில் ஒருவன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். இது எதைப் பற்றிய கதை?
– ஒரு தாய், வெள்ளவத்தை

நீங்கள் பார்த்த அந்த இரண்டு காட்சிகளுமே கதையின் சாரம், அம்மா. 1996 ஒக்டோபர் முதல் 1997 மார்ச் வரை ரீவீ டோக்கியோ அலைவரிசையில் 26 அத்தியாயங்களாக இத்தொடர் ஒளிபரப்பானது. ஸீபெக் நிறுவனம் தயாரித்தது, தட்சுவோ சாட்டோ இயக்கினார். கதை 22ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கிறது. செவ்வாய்க் கோளில் குடியேறியிருந்த மனிதர்களை, வியாழனின் பக்கமிருந்து வந்த இயந்திரப் படையொன்று தாக்கி அழிக்கிறது. எதிரி யார் என்று அறியாத பூமி மக்கள் அவர்களை 'வியாழப் பல்லிகள்' என்று அழைக்கிறார்கள். பூமியின் இராணுவம் தோற்றுக்கொண்டிருக்கும் வேளையில், நெர்கால் என்னும் தனியார் நிறுவனம் தன் சொந்தச் செலவில் ஒரு போர்க்கப்பலைக் கட்டி, செவ்வாயில் எஞ்சியோரைத் தேடி அனுப்ப முற்படுகிறது. அந்தக் கப்பலின் பெயர்தான் நதேசிக்கோ.

கப்பலுக்கு ஆட்சேர்ப்பவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: திறமை முதல் தரமாக இருக்கவேண்டும், குணம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே தகவல் தொடர்புக்கு ஒரு முன்னாள் குரல் நடிகை வருகிறார். சுக்கான் பிடிக்க ஒரு முன்னாள் செயலாளர் வருகிறார். மனைவியின் பிடியிலிருந்து தப்பினால் போதும் என்று இயந்திரப் பொறுப்பாளர் ஓடிவருகிறார். கப்பலின் தலைவியான யூரிக்கா மிசுமாரு போர் வியூகத்தில் மேதை, ஆனால் பதவியேற்கும் முதல் நாளிலேயே மாலுமிகளுக்கு விரல்களால் வெற்றிக்குறி காட்டிக் குழந்தையைப் போலக் குதூகலிக்கிறார். கதாநாயகன் அகிட்டோ தென்காவா செவ்வாயில் பிறந்து, அங்கே நடந்த அழிவைக் கண்ணாரக் கண்டவன். ரொபோவை இயக்குவதற்கான நுண்கருவிகள் அவன் உடலில் இருக்கின்றன, ஆனால் அவனுடைய விருப்பம் நல்ல சமையற்காரனாக வேண்டும் என்பது மட்டுமே. கப்பலின் சமையலறைக்கு வேலைக்கு வந்த அவனை ஆபத்து ரொபோவுக்குள் தள்ளிவிடுகிறது. அடுப்படிக்கும் போர்க்களத்துக்கும் இடையே அவன் ஓடும் ஓட்டமே தொடர் முழுவதும். உங்கள் மகன் சிரிப்பதற்குக் காரணம் உண்டு. தொடரை முடிக்கும்போது அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அவன் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

நான் 'எவாஞ்சலியன்' பார்த்தவன். அதற்குப் பிறகு இப்படி ஒரு கேலித் தொடரைப் பார்ப்பது கீழிறங்குவது போலப்படுகிறது. என் நண்பர்கள் ஏன் இதைத் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்?
– உயர்தர மாணவர், கொட்டாஞ்சேனை

தம்பி, இந்த வகையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் உங்கள் நண்பர்களின் நியாயம் விளங்கும். 1972இல் வெளிவந்த 'மஸிங்கர் இஸட்' தொடரில்தான், மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சத ரொபோ என்ற எண்ணம் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வேரூன்றியது. 1974இல் வந்த 'கெட்டர் ரொபோ', மூன்று விமானிகளின் மூன்று ஊர்திகள் ஒன்றாக இணைவதைக் காட்டியது. 1979இல் 'மொபைல் சூட் கண்டம்' ரொபோவைப் போர்த்தளவாடமாக மாற்றி, எதிர்த்தரப்பிலும் மனிதர்களை வைத்தது. 1995இல் 'எவாஞ்சலியன்' ரொபோவுக்குள் அமர்ந்திருக்கும் சிறுவனின் மனக்காயத்தைக் கதையின் நடுவே கொண்டுவந்தது. அது முடிந்து அரையாண்டு கழிந்து, அதே அலைவரிசையில் நதேசிக்கோ தொடங்கியது.

இந்த வரிசையில் நகைச்சுவைக்கு முன்பே இடமிருந்தது. 'கண்டம்' தொடரைப் படைத்த யொஷியுக்கி தொமினோ, அதற்குச் சற்று முன்னர் 1978இல் 'டைட்டார்ன் 3' என்ற கலகலப்பான ரொபோத் தொடரை இயக்கியவர். நதேசிக்கோ செய்த புதுமை வேறு. தான் சிரிக்கவைக்கும் பழைய ரொபோக் கதையையே தன் கதைக்குள் ஒரு பாத்திரமாக அது வைத்துக்கொண்டது. கப்பலில் இருப்பவர்கள் 'கெக்கிகங்கர் 3' என்ற பழைய கார்ட்டூன் தொடரைப் பார்க்கிறார்கள். தலைவலிக்கும் வண்ணங்கள், தொண்டை கிழியும் வீரவசனங்கள், நட்பு, தியாகம், நீதி எல்லாம் கொண்ட, எழுபதுகளின் பாணியை அச்சாக வார்த்த தொடர் அது. முதலில் அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பின்னர் அதைப் பார்த்து அழும் மனிதர்களோடு பழகுகிறோம். அதன் பின்னர், அந்தக் கார்ட்டூன் ஒரு சமூகத்தின் வாழ்க்கை நெறியாகவே மாறியிருப்பதைக் கண்டு திகைக்கிறோம். பதினான்காம் அத்தியாயத்தில் கெக்கிகங்கரின் பாத்திரங்கள் நம்மைப் போலத் திரைமுன் அமர்ந்து நதேசிக்கோவைப் பார்க்கிறார்கள். ஒரு கதையை நேசிப்பது மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்வியை இவ்வளவு தூரம் கொண்டுசென்ற ரொபோத் தொடர் வேறொன்றை நான் கண்டதில்லை. எவாஞ்சலியன் உங்களைத் தொட்டிருக்கிறது என்றால் இது உங்களுக்கு உரியது.

பொறியியல் படிப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். இந்த ரொபோக்களில் பொருட்படுத்தத்தக்க யோசனை ஏதும் உண்டா?
– பம்பலப்பிட்டி

உண்டு. எஸ்டிவாலிஸ் எனப்படும் இந்த ரொபோ, 18 மீற்றர் உயரமான 'கண்டம்' ரொபோவின் பக்கத்தில் நின்றால் மிகச் சிறியதாகத் தெரியும். அதற்குள் பெரிய மின்னாக்கி ஒன்றும் கிடையாது. தாய்க்கப்பல் ஈர்ப்பலைக் கற்றையாக அனுப்பும் சக்தியை வாங்கித்தான் அது இயங்குகிறது. அந்தக் கற்றையின் எல்லைக்கு அப்பால் போனால் உள்ளிருக்கும் மின்கலம் சற்று நேரமே தாக்குப்பிடிக்கும். விமானி அமரும் பகுதியை மட்டும் கழற்றி, வான், தரை, விண்வெளி என்று இடத்துக்கேற்ற வெவ்வேறு உடல்களில் பொருத்தலாம். எடை குறைவு, பழுதுபார்ப்பது எளிது, பாகங்களைப் பகிர்ந்துகொள்ளவும் முடியும். ஒரு தனியார் நிறுவனம் செலவுக் கணக்குப் பார்த்துச் செய்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த ஏற்பாடு கதைக்கும் உதவுகிறது. தனியாகப் பறந்துபோய் உலகைக் காக்கும் வீரனாக இங்கே எவராலும் ஆக முடியாது. எவ்வளவு சூரனானாலும் கப்பலின் அருகே இருந்தாக வேண்டும், சக்திக்காகக் கப்பலை நம்பியிருக்க வேண்டும். சண்டையின் உச்சத்தில் விமானிகள் ஒருவரோடொருவரும் கப்பலோடும் ஓயாமல் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருப்பதற்கும், அந்த வாய்ச்சண்டையில் நகைச்சுவை விளைவதற்கும் இந்தப் பொறியியலே வழிவிடுகிறது.

என் பேரப்பிள்ளைகளோடு சில அத்தியாயங்கள் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சுட்டுக்கொல்லப்படுகிறார். நகைச்சுவையையும் சாவையும் இப்படி ஒரே இலையில் பரிமாறுவது சுவைக்கேடு அல்லவா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெஹிவளை

ஐயா, உங்கள் கேள்விக்குத் தமிழிலிருந்தே பதில் தொடங்க விரும்புகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள், நகையை முதலாவதாகவும் அழுகையை அதற்கு அடுத்ததாகவும் வைக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் கூறுகிறது. இந்த நான்கில் எதிலிருந்து சிரிப்பு வருகிறது என்று பார்த்தால், நதேசிக்கோ தன் சுவையை எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறது என்பது புலப்படும்.

எள்ளல் அங்கே பெரும்பாலும் ஒருத்தியின் வாயிலிருந்தே வருகிறது. கப்பலின் கணினியை இயக்கும் ரூரி ஹோஷினோ என்ற பதினொரு வயதுச் சிறுமி, சுற்றியுள்ள பெரியவர்களைப் பார்த்து, 'எல்லோரும் மடையர்கள்' என்று உணர்ச்சியற்ற குரலில் சொல்வாள். மற்றபடி தொடரின் சிரிப்பு இளமையிலிருந்தும் பேதைமையிலிருந்தும் மடனிலிருந்துமே பிறக்கிறது. எவரையும் தாழ்த்தி நம்மைச் சிரிக்கவைக்க அது முயல்வதில்லை. நாம் சிரிக்கும் மனிதர்கள் மீது நமக்கு அன்பு வளர்வது அதனால்தான்.

நீங்கள் குறிப்பிடும் சாவு, மூன்றாம் அத்தியாயத்தில் வரும் தைகோஜியின் சாவு என்று நினைக்கிறேன். ஜிரோ யமாடா என்ற பெயரைத் துறந்து, வீரத்துக்குப் பொருத்தமானதென்று தானே சூட்டிக்கொண்ட பெயரில் தன்னை எல்லோரும் அழைக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும் இளைஞன் அவன். கெக்கிகங்கரின் பெரும் பக்தன், ரொபோவைக் கண்டதும் ஆட்டம் போட்டுக் காலை முறித்துக்கொண்டவன். ரொபோக் கதைகளின் மரபுப்படி, இப்படிப்பட்டவன் ஒன்றில் கடைசிவரை நின்று வெல்லவேண்டும், அல்லது நண்பர்களைக் காக்கும் மாபெரும் சமரில் வீரவசனம் பேசி மடியவேண்டும். அவன் கனவு கண்ட சாவும் அதுவே. அவனுக்குக் கிடைத்ததோ, கப்பலின் ரொபோக் கூடத்தில், தன் தரப்பைச் சேர்ந்த ஓர் அதிகாரி தப்பியோடும் வழியில் சுட்ட ஒரு குண்டு. எதிரியும் இல்லை, சமரும் இல்லை.

இது சுவைக்கேடு அன்று என்பதே என் துணிபு. தமிழ்த் திரைப்படங்களில் நகைச்சுவைக் காட்சிகளைக் கதையிலிருந்து பிரித்துத் தனி இழையாக ஓட்டும் வழக்கத்துக்கு நாம் பழகியிருக்கிறோம். அங்கே சிரிப்பு என்பது கதையின் கனத்திலிருந்து இளைப்பாறும் இடம். நதேசிக்கோவில் அந்த வேலி கிடையாது. தைகோஜியின் எந்தப் பேதைமை நம்மைச் சிரிக்கவைத்ததோ, அதே பேதைமைதான் அவன் இழப்பைத் தாங்கமுடியாததாக்குகிறது. நாம் அவனைப் பார்த்துச் சிரித்திராவிட்டால் அவன் சாவு ஒரு தகவலாகவே கடந்துபோயிருக்கும்.

இன்னொரு பகுதியையும் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். தாக்குதலில் மாண்ட விண்வெளிக் குடியிருப்பு மக்களுக்கு அவரவர் சமய வழக்கப்படி ஈமக்கிரியை நடத்தும் கடமை கப்பல் தலைவி யூரிக்காவின் தலையில் விழுகிறது. ஓயாமல் உடைமாற்றி, ஒரு சடங்கு முடிந்ததும் அடுத்த சடங்குக்கு ஓடி அவர் களைத்துப்போகிறார். ஏறத்தாழ அதே வேளையில், பணி ஒப்பந்தத்தில் கைகோர்ப்பதற்கு மேல் காதல் கூடாது என்று ஒரு விதி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த மாலுமிகள் கிளர்ச்சி செய்கிறார்கள். கிளர்ச்சி நம்மைச் சிரிக்கவைக்கிறது, சடங்குகளின் எண்ணிக்கை நெஞ்சை அழுத்துகிறது. செத்தவீட்டில் ஒரு பக்கம் அழுகையும், மறுபக்கம் தேநீர் யார் ஊற்றுவது என்ற சச்சரவும் நடப்பதை அறிந்த நமக்கு இது அந்நியமான கலவையன்று.

நான் வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்தவன். போரை வைத்துச் சிரிப்பு மூட்டும் ஒன்றை என்னால் பார்க்க இயலுமா என்று தெரியவில்லை. நீங்கள் ஏன் இதை எங்களுக்குப் பரிந்துரைத்தீர்கள்?
– வத்தளை

கேட்கவேண்டிய கேள்வி. பார்க்க மனம் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள், எந்தக் கலைப்படைப்பும் எவர் மீதும் கடமையாகாது. ஆனால் பரிந்துரைத்ததன் காரணத்தைச் சொல்லவேண்டியது என் பொறுப்பு.

இத்தொடர் போரால் துன்புறுவோரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சீருடையின் மிடுக்கையும், நிறுவனத்தின் கணக்கையும், நீதி தம் பக்கம் மட்டுமே இருக்கிறது என்று முழங்குவோரையும் பார்த்துச் சிரிக்கிறது. அகிட்டோ பயப்படுகிறான். வானத்தில் வெடிச்சத்தம் கேட்டால் அவன் உடல் நடுங்குகிறது, அந்த நடுக்கத்தால் உணவகத்தில் பார்த்த வேலையையும் இழக்கிறான். அந்தப் பயத்தைத் தொடர் ஒருபோதும் கோழைத்தனம் என்று இகழ்வதில்லை. குண்டு விழுந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அது இயல்பு என்பதை அது அறிந்திருக்கிறது.

கதையின் நடுப்பகுதியில் பெரிய உண்மை வெளிப்படுகிறது. வியாழப் பல்லிகள் எனப்பட்டோர் வேற்றுக்கோள் உயிரினங்கள் அல்லர், மனிதர்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சந்திரனில் எழுந்த விடுதலை இயக்கத்தில் தோற்று, செவ்வாய்க்கு விரட்டப்பட்டு, அங்கும் அணுகுண்டுக்கு இலக்காகி, வியாழனுக்குத் தப்பியோடியவர்களின் வழித்தோன்றல்கள். பூமியின் ஆட்சியாளர்கள் இதை அறிந்தே மறைத்திருந்தார்கள். இடம்பெயர்ந்து ஓடிய அந்த மக்களிடம் எஞ்சியிருந்த கலை கெக்கிகங்கர் 3 என்ற அந்தக் கார்ட்டூன். அதையே அவர்கள் வேதமாகக் கொண்டு தலைமுறைகளை வளர்த்திருக்கிறார்கள். கப்பலில் நாம் அழுதும் சிரித்தும் பார்த்த அதே தொடரை எதிர்த்தரப்பு வீரர்களும் மனப்பாடமாக அறிந்திருக்கிறார்கள்.

வியாழத் தரப்பின் அதிகாரியான சுக்குமோ ஷிராட்டோரியும் அகிட்டோவும் எதிரிகளாகச் சந்தித்து, ஒரு கார்ட்டூனைப் பற்றிப் பேசும்போது சிறுவர்களைப் போல ஒன்றாகிவிடுகிறார்கள். சமாதானப் பேச்சுக்கு வழி திறக்கிறது. பின்னர், தன் மேலிடத்தின் கட்டளைப்படி சுக்குமோவின் உயிர் நண்பனே அவனைச் சுட்டுக் கொல்கிறான். நட்பையும் நீதியையும் கற்பித்த அதே கதையை வாசித்து ஒருவன் சமாதானத்துக்குக் கைநீட்டினான், இன்னொருவன் அதே கதையின் பெயரால் துப்பாக்கியை எடுத்தான். தன் இரசிகர்களின் நேசத்தைத் தொடர் ஏளனம் செய்யவில்லை, அந்த நேசம் எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை மறைக்கவும் இல்லை. இந்தத் தொடரில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த நேர்மையையே.

கார்ட்டூன் ஒன்றை ஒரு சமூகம் இவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்ளுமா என்று சிலருக்குத் தோன்றலாம். பிலிப்பைன்ஸில் பெரும் வரவேற்புப் பெற்ற 'வோல்ட்டஸ் 5' என்ற ஜப்பானிய ரொபோத் தொடரை, 1979இல் மார்க்கோஸ் அரசு, இறுதி அத்தியாயங்கள் எஞ்சியிருந்த நிலையில் தடைசெய்தது. அந்தத் தலைமுறையினர் அதை இன்றளவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நதேசிக்கோ கற்பனை செய்தது உலகில் நடவாத ஒன்றையன்று.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அகிட்டோவைப் பல பெண்கள் ஒரே நேரத்தில் துரத்தும் இழை நீண்டு சலிப்பூட்டுகிறது. பெண்களை உடல்களாகக் காட்டும் காட்சிகள் அக்காலத்து வழக்கம் என்றாலும் இன்று உறுத்துகின்றன. இறுதி அத்தியாயம் போரைத் தீர்த்துவைக்காமல், போருக்குக் காரணமான பொருளைத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிட்டு அவசரமாக முடிகிறது. இவ்வளவு பெரிய கேள்வியை எழுப்பிய கதைக்கு இன்னும் இரண்டு அத்தியாயங்களாவது கொடுத்திருக்க வேண்டும்.

ரூரிக்கு ஏன் இத்தனை இரசிகர்கள்?
– இரு சகோதரிகள், மட்டக்குளி

ஆய்வுகூடத்தில் வளர்ந்த பிள்ளை அவள். பெற்றோரின் அரவணைப்பு என்ன என்பதே தெரியாமல் வந்தவள், மடையர்கள் என்று தான் ஏசிய அதே கூட்டத்தைத் தன் குடும்பமாக ஏற்றுக்கொள்கிறாள். அந்த மாற்றம் வசனத்தில் சொல்லப்படுவதில்லை. குரல் நடிகை ஓமி மினாமி, அதே தட்டையான குரலுக்குள் சிறுகச் சிறுகச் சூடேற்றிக்கொண்டு போகிறார். ஜப்பானிய ஒலியில் பார்த்தால்தான் அது முழுமையாகக் கிடைக்கும்.

திரைப்படம் ஒன்றும் இருக்கிறதாமே? நேரம் குறைவு என்பதால் அதை மட்டும் பார்த்தால் போதுமா?
– வங்கி ஊழியர், கொள்ளுப்பிட்டி

போதாது. 1998 ஓகஸ்டில் வெளியான 'த பிரின்ஸ் ஒஃப் டார்க்னஸ்' என்ற அந்தத் திரைப்படம், அடுத்த ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஜப்பானின் செய்யுன் விருதைப் பெற்றது. கதை 2201இல் நடக்கிறது. பதினாறு வயதாகிவிட்ட ரூரி இப்போது நதேசிக்கோ பி கப்பலின் தலைவி. இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பியிருந்த அகிட்டோ, கறுப்பு உடையில் பழிவாங்கும் ஒருவனாகத் திரும்பி வருகிறான். கடத்தப்பட்டுப் பரிசோதனைகளுக்கு ஆளாகிய அவனுடைய புலன்கள் சிதைந்துவிட்டன. நாவின் சுவையும் போய்விட்டது, ஆகவே அவன் இனிச் சமைக்க முடியாது.

தொடரைப் பார்க்காதவருக்கு இது ஓர் இருண்ட நாயகனின் அறிமுகம் மட்டுமே. 26 அத்தியாயங்களாக அவன் அடுப்படியில் நின்றதையும், குழம்பின் உப்புக்காரம் பற்றிக் கவலைப்பட்டதையும் பார்த்துச் சிரித்தவருக்கு அந்தச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேரும். நேரம் குறைவென்றால் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாக ஒரு மாதத்தில் தொடரை முடித்துவிட்டு, அதன் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திரைப்படத்தைப் பாருங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அதற்கு அழைக்கவேண்டாம்.